நங்கூரம் பொறித்த வாள்

உள்ளே வந்ததும் பிரெஞ்சு விருந்தாளி முசியே மொர்வான் தொப்பியைக் கழற்றி அப்பாவின் கையில் கொடுத்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

இவர்தான் என் அப்பா என்று சொல்ல ஆல்பேர் வாயெடுத்தான்.

அதற்குள் அவர் சுவரைப் பார்த்துவிட்டார்.

கூடத்தின் நீளம் முழுக்க வாள்கள். எல்லாம் பிரெஞ்சுக் கப்பற்படை அதிகாரிகள் இடுப்பில் கட்டியவை. பித்தளைக் கைப்பிடியில் நங்கூரம், அதன்மேல் சிறிய கிரீடம். காரைக்காலில் பூட்டிக் கிடந்த வீடுகளிலிருந்தும், சைகோனிலிருந்தும், பாரீஸ் ஏலங்களிலிருந்தும் ஒவ்வொன்றாக அவன் கொண்டுவந்து சேர்த்தவை. அவன் கல்யாணம் செய்துகொள்ளாததற்குப் புதுச்சேரியில் இந்த வாள்களைத்தான் காரணமாகச் சொல்வார்கள்.

மொர்வான் கப்பல் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பிரான்சின் பிரெஸ்த் நகரத்தில் வாள் சேகரிப்பவர்களின் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். அதில் ஓர் இடம் வேண்டுமென்று அவன் பல வருடங்களாக முயன்றுகொண்டிருந்தான். போன மாதம் தொலைபேசியில் பேசும்போது, என் அப்பாவும் உங்கள் கப்பற்படையில் இருந்தவர்தான் என்று சொல்லியிருந்தான். என்ன வேலையில் என்று அவர் கேட்கவில்லை. இவனும் சொல்லவில்லை.

அப்பா அதிகாரிகளின் சாப்பாட்டு அறையில் பரிமாறியவர்.

அதை மறைக்க வேண்டுமென்று அவன் நினைத்ததே இல்லை. ஒரு தடவை ஓர் அதிகாரி சாப்பிட உட்காரும்போது வாளைக் கழற்றி அப்பாவின் கைகளில் வைத்தாராம். சாப்பிட்டு, சீட்டாடி முடிக்கும்வரை அப்பா அதை ஏந்திக்கொண்டிருந்தாராம். அப்பா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த மகன் சிரிக்கவில்லை. வளர்ந்ததும் முதல் வாளை வாங்கினான். அப்பாவால் நிமிர்ந்து பார்க்க முடியாத மனிதர்களின் வாள்கள் அப்பா வீட்டுச் சுவரில் தொங்கட்டும்.

இன்று காலை அவருக்குப் புதுச் சட்டை போட்டுவிட்டதும் அவன்தான். வாள்களுக்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்காரவைத்தான்.

"எனக்கு எதுக்குடா இதெல்லாம்? நான் உள்ள போய்ப் படுத்துக்கறேன்," என்றார் அப்பா.

"உக்காருப்பா. அந்தாளு உங்கிட்ட வந்து கை குடுக்கணும்."

ஆனால் வாசலில் மொர்வானின் உயரமும் வெட்டிச் சீராக்கிய தாடியும் தெரிந்ததும் எழுந்தது அப்பாதான். யாரும் சொல்லாமல் கதவருகே போய் நின்றார். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை. குனிந்த தலை.

அந்தத் தலையைப் பார்த்துத்தான் தொப்பியைக் கொடுத்தார் மொர்வான்.

ஒரு வாளைக் காட்டிவிட்டுச் சொல்லலாம் என்று அவன் நினைத்தான்.

மொர்வான் அதை உறையிலிருந்து பாதி உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். இப்படி ஒன்று பிரெஸ்தில்கூட இல்லை என்றார். அடுத்ததை எடுத்தார். அதற்கடுத்ததை. சங்கத்தைப் பற்றி இனிப் பேச ஒன்றுமில்லை முசியே ஆல்பேர், நீங்கள் எங்களில் ஒருவர் என்றார்.

எங்களில் ஒருவர்.

அவனுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

அப்போது அப்பா காப்பித் தட்டோடு வந்தார். அவரிடம் யாரும் கேட்கவில்லை. தட்டை மேசையில் வைத்து, வலது கையால் கோப்பையை எடுத்து நீட்டினார். இடது கை முதுகுக்குப் பின்னால் மடங்கியிருந்தது. அவன் பிறப்பதற்கு முன்பே பழகிய மடக்கல்.

மொர்வான் கோப்பையை வாங்கிக்கொண்டு அவன் பக்கம் திரும்பினார்.

"உங்கள் தந்தை எங்கள் படையில் இருந்தார் என்றீர்களே. இருக்கிறாரா? அவரைப் பார்க்க ஆசை."

பிரெஞ்சில்தான் கேட்டார்.

இப்போது சொன்னால் தொப்பியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இவ்வளவு நேரம் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதையும்.

"இல்லை," என்றான். "அப்பா இப்போது இல்லை."

மொர்வான் குரலைத் தாழ்த்தி வருத்தம் தெரிவித்தார்.

அப்பாவுக்குப் பிரெஞ்சு தெரியும். வாலிபம் முழுக்க அந்த மொழியில்தான் அவரை ஏவியிருந்தார்கள்.

அவர் இன்னொரு கோப்பையில் காப்பியை ஊற்றினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. சர்க்கரையைப் போட்டுக் கலக்கி மகனுக்கு முன்னால் வைத்தார். மகனுக்கு எவ்வளவு சர்க்கரை என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

அவன் குடித்தான். குடிக்காமலிருந்தால் மொர்வான் கவனித்திருப்பார்.

விருந்தாளியை வழியனுப்ப அவன் தெருவரை போனான். கார் திரும்பி மறைந்த பிறகும் வெயிலில் நின்றான். எதிர்வீட்டுக்காரர் என்ன விசேஷம் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றான். பிறகு நிற்பதற்குக் காரணம் எதுவும் மிச்சமில்லை.

உள்ளே வந்தபோது அப்பா கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை திட்டினால் போதும் என்றிருந்தது அவனுக்கு. கை ஓங்கினாலும் வாங்கிக்கொள்ளலாம். முகத்தைப் பார்க்க முயன்றான். அது நிமிரவில்லை.

"அப்பா," என்றான்.

அவர் தட்டை எடுத்துக்கொண்டு வந்து, அவனுக்கு ஓரடி பின்னால் நின்றார்.

"வேற எதுனா வேணுங்களா?"

கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தார்.