சிவப்புக் கைப்பிடி

மூட்டுவலியில் வேலைக்குப் போகாமல் படுத்துவிட்ட தவமணி, நாளுக்கு ஒரு சுற்றாக வயர்கூடை பின்னினாள். மூட்டு வலித்த நாளுக்குச் சிவப்பு, வலிக்காத நாளுக்குப் பச்சை. அடியெல்லாம் சிவப்பு, இழுத்து முடியத் தெம்பில்லாமல் தொளதொளவென்று கிடந்தது. மேலே வரவரப் பச்சை ஏறி, முடிச்சும் இறுகியிருந்தது. கைப்பிடி போட்டதும் சித்தாள் வேலைக்குத் திரும்பிவிடுவது என்றிருந்தாள்.

"இதே டிசைன்ல எனக்கொன்னு போட்டுத் தாக்கா" என்றாள், கூட வேலை பார்க்கும் ரோசாப்பூ.

"அதுக்கு நான் மறுபடி படுக்கையில விழணும்டி."

கைப்பிடி போடவேண்டிய காலையில் விரல்கள் வீங்கியிருந்தன. வேலைக்குக் கிளம்பிய ரோசாப்பூ வழியில் எட்டிப் பார்த்தாள்.

"பச்சையே போடுக்கா. யாருக்குத் தெரியப்போவுது?"

"பொய்க்கணக்கு எழுதவா இம்மாம் பாடுபட்டேன்?"

சிவப்பு வயரைப் பல்லால் கடித்து இழுத்து முடிந்தாள். தூக்குவாளியை உள்ளே வைத்து, வீங்கிய கையாலேயே கூடையைத் தூக்கினாள். அடி கொஞ்சம் தொங்கியது. கைப்பிடி அசையவில்லை.

"இருடி, நானும் வர்றேன்" என்று செருப்பை மாட்டினாள்.