பத்தாவது வீடு

கல்குவாரித் தூசியில் நுரையீரல் கெட்டுப்போன அமலதாஸ், இரண்டு நாளாகக் கண்ணயர முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தான். ஆக்சிஜன் மெஷின்களை இரவலாகத் தரும் அறக்கட்டளையில் ஒன்றுகூடக் காலியாக இல்லை என்று சொல்லிவிட்டதால், அவன் மனைவி ஜெசிந்தா நம்பிக்கை இழந்திருந்தாள். மறுநாள் காலையில் அங்கே வேலை பார்க்கும் நூருதீன் ஒரு மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். அமலதாஸின் மூக்கில் குழாயை மாட்டிவிட்டு, மெஷினில் ஒட்டியிருந்த காசளவு என்.எஃப்.சி. வில்லைமேல் தன் செல்போனை வைத்தான்.

“எந்த மெஷின் யார் வீட்டுல இருக்குன்னு இதுல பதிவாயிடும்க்கா. இதுக்கு உங்க வீடு பத்தாவது.”

“நேத்து இல்லைன்னாங்களே தம்பி?”

நூருதீன் தயங்கினான். “ஒன்பதாவது வீட்டுல, அந்தக்காவோட வீட்டுக்காரர் ராத்திரி தவறிட்டாரு. இன்னும் உடலக்கூட எடுக்கல. அவங்களே போன் பண்ணி, ‘யாராச்சும் காத்துக்கிட்டு இருப்பாங்க, வந்து எடுத்துட்டுப் போங்க’ன்னாங்க.”

ஜெசிந்தா மெஷினைத் தொட்டுப் பார்த்தாள். அதில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. சாவு வீட்டில் உட்கார்ந்து ஒருத்தி இதைத் துடைத்திருக்கிறாள்.

“அவங்க நம்பரைக் குடுங்க தம்பி.”

“குடுக்கக் கூடாதுக்கா. ஆனா இந்தப் பதிவுலயே நாலு வார்த்தை எழுதலாம், அவங்க போன்ல தெரியும். என்ன எழுதட்டும்?”

நன்றி என்று சொல்ல வாயெடுத்தாள். அது போதாது என்று தோன்றியது. திரும்பிப் பார்த்தாள். அமலதாஸ் தலையணையில் சாய்ந்து கண்மூடியிருந்தான். மார்பு நிதானமாக ஏறி இறங்கியது.

“தூங்குறாருன்னு எழுதுங்க,” என்றாள்.