நாலு ஓட்டையா, ஒரு வெட்டா?

பித்தப்பைக் கல்லை எப்படி எடுப்பது என்று ஒரு கிழமையாக, ஏழு நாளும் யூடியூப் பார்த்து, கல்முனை முத்தலிப் பாதி டொக்டராகியிருந்தார்.

“நாலு சின்ன ஓட்டை போட்டு, கெமராவ உட்டு எடுக்கிறதுதான் நல்லம் டொக்டர். ஒரு கிழமையில எழும்பி வேல செய்யலாம். பழைய வெட்டு இப்ப ஆருக்கு வேணும்?”

“ஓம், எல்லாம் நீங்களே சொல்லிட்டீங்க” என்றார் டொக்டர்.

பக்கத்திலிருந்த மனைவி றாஹிலா மெதுவாகக் கேட்டாள். “வெட்டினா எவ்வளவு நாள் டொக்டர்?”

“ஆறு கிழமைக்குப் பாரம் தூக்க ஏலா. நல்லா ரெஸ்ட் எடுக்கணும்.”

அடுத்த கிழமை நோன்பு மாதம் தொடங்குகிறது. நோன்பு திறக்க முத்தலிப் தினமும் பத்துக் கூட்டாளிமாரைக் கூட்டி வருவார். கஞ்சியும் சம்சாவும் றாஹிலாவின் பொறுப்பு. அவள் விரல் மடித்து எண்ணினாள்.

“அப்ப நோன்புப் பெருநாளும் முடிஞ்சிரும். கல்லு என்ட வயித்திலதானே இரிக்கி டொக்டர், வெட்டியே எடுங்க.”