கொழுப்பு தடவிய குண்டு

வாசல் மூலையில் குனிந்து நின்று ஓங்கரித்துக்கொண்டிருந்தாள் சிவசக்தி. பக்கத்து வீட்டுக் கண்ணாயி, கையிலிருந்த விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"ஏன் கண்ணு, எதாச்சும் விசேஷமா?"

"அட, நீங்க வேறக்கா! ஊட்டுக்குள்ள போய் ஒருக்கா மோந்து பாருங்க. உங்களுக்கும் விசேஷம் ஆயிரும்."

உள்ளே, பால் காய்ச்சும் பாத்திரத்தில் பன்றிக் கொழுப்பு உருகிக்கொண்டிருந்தது. அவள் கணவன் ஐயாக்கண்ணு மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஏர் ரைபிளில் போடும் ஈயக் குண்டுகளை அதில் முக்கி எடுத்து, இட்லித் தட்டில் ஆறவைத்துக்கொண்டிருந்தான். தட்டின் மேல் ஈ மொய்த்தது.

"ஏனுங்க, இட்லித் தட்டுதான் கெடச்சுதுங்களா?"

"எல்லாம் உனக்காகத்தான புள்ள. கொழுப்புப் புடிச்சா குண்டு வழுக்கிக்கிட்டு நேராப் போகும்."

சிவசக்தி ஏற்காடு ஏரிக்கரையில் பலூன் சுடும் கடையில் வேலை பார்த்தவள். கூட்டம் இல்லாதபோது அவளே பலூன்களை வரிசையாக உடைத்துத் தள்ளுவதை, சேலத்துத் துப்பாக்கிப் பயிற்சியாளர் ஷெர்வின் ஒருநாள் பார்த்துவிட்டார். தன் கையிலிருந்த பழைய ரைபிளைக் கொடுத்துப் போட்டிகளுக்குத் தயார்செய்தார். எப்போதாவதுதான் சேலம் போவாள். மற்ற நாளெல்லாம் மலைமேல் தங்கள் ஊரான கொட்டச்சேட்டில், தங்கள் காப்பிச் செடிகளுக்குப் பின்னால்தான் பயிற்சி.

ஆரம்பத்தில் ஐயாக்கண்ணுவுக்கு அவளைவிட உற்சாகம். செல்போனில் எதையோ பார்த்துவிட்டு, குண்டின் மேல் லேசாகத் தேங்காய் எண்ணெய் தொட்டுக் கொடுத்தான். சுட்டதெல்லாம் ஒரே பொட்டில் விழுந்தது.

அப்புறம் ஒருநாள் ஷெர்வின் நல்ல சேதி சொன்னார். மாநிலப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்துவிட்டால், சென்னையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பயிற்சியாளர் வேலை. தங்குவதற்கும் இடம் தருவார்கள்.

"அவ்வளவு பெரிய போட்டிக்கு வெறும் எண்ணெ பத்தாது" என்று ஐயாக்கண்ணு ஆட்டுக் கொழுப்புக்கு மாறினான். பிறகு விளக்கெண்ணெயில் தேன்மெழுகு. இப்போது பன்றி.

பூச்சு மாற மாறக் குறி விலகியது. "இந்த மலை ஈரத்துக்கு இன்னும் கெட்டியாத் தடவோணும் போல" என்பான் அவன்.

"ஷெர்வின் சாரை ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கட்டுங்களா?"

"வேண்டவே வேண்டாம். நம்ம பக்குவத்த ஊருக்கெல்லாம் சொல்லிருவாரு."

அவளுடைய விரல் இடுக்கில் அந்த நாற்றம். தலைமுடியில், தலையணையில், தோசையில் அதே நாற்றம். ஆனாலும், காட்டு வேலை முடித்து வந்த மனுஷன் அடுப்படியில் கையைச் சுட்டுக்கொண்டு தனக்காக நிற்கிறான் என்று, வந்த குமட்டலை விழுங்கிக்கொண்டாள்.

போட்டி சேலத்தில். மலையிலிருந்து இறங்கியதும் வெயில் கொளுத்தியது. சிவசக்தி தன் இடத்துக்குப் போய்க் குண்டு டப்பாவைத் திறந்தாள்.

கொழுப்பு உருகிச் சீழ் மாதிரி மஞ்சளாகத் தேங்கிக் கிடந்தது. நடுவில் ஒரு பன்றி மயிர். ஓரத்தில் வெள்ளையாக ஏதோ நெளிந்தது. பக்கத்தில் நின்ற பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஐயே, என்னங்க அது?" என்று தள்ளிப் போனாள்.

புழு!

டப்பாவோடு குழாயடிக்கு ஓடினாள். குடல் வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுத்தாள். டப்பாவைக் குப்பைத் தொட்டியில் எறிந்துவிட்டு, சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அப்போதும் நாற்றம் போகவில்லை.

"குண்ட எடுத்துட்டு வர மறந்துட்டனுங்க சார்" என்று ஷெர்வினிடம் பொய் சொன்னாள். அவர் தன் பையிலிருந்து ஒரு புது டப்பாவை எடுத்துக் கொடுத்தார். ஒன்றும் தடவாத, உலர்ந்த குண்டுகள்.

சிவசக்தி சுட்டாள். கை தானாக நின்றது, குறி தானாக வந்தது. மாநிலத்தில் இரண்டாவது இடம்.

குப்பனூர் வழியாக மேலே ஏறும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது மெடல் மடியில் கனத்தது. கொப்புளம் போட்ட அவன் கை கண்ணுக்குள் வந்து நின்றது. அவன் பாடுபட்டுச் செய்ததைக் குப்பையில் போட்டதை மட்டும் சொல்லவே கூடாது என்று முடிவுசெய்துகொண்டாள். ஜெயிச்சது அவனால்தான் என்று இருக்கட்டும்.

வீட்டில் ஐயாக்கண்ணு சுடச்சுடக் காப்பி போட்டு வைத்திருந்தான். அவள் செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்துவிட்டான்.

"போனாப் போகுது, விடு புள்ள. தோத்தா என்ன? நமக்கு நம்ம ஊடு இருக்குது, காடு இருக்குது. எதுக்கு ஊர் உட்டு ஊரு போய்ச் சீரழியோணும்?"

சிவசக்தி சிரித்துக்கொண்டே மெடலை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"ரெண்டாவது எடமுங்க! ஒண்ணு உடாம அத்தனையும் உங்க குண்டுலதான் சுட்டேன்."

ஐயாக்கண்ணு மெடலைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். யோசிக்கும் முன்பே வாயிலிருந்து வந்துவிட்டது.

"அது எப்படிக் குறிக்குப் போகும்? போகாதபடிக்குத்தான பாத்துப் பாத்துத் தடவுனேன்!"