முப்பத்தெட்டு கிலோ

"இதையும் அவ பையிலயே போட்டுடும்மா."

கடைப் பெண்ணுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மலையேறப் போகிறவர்களுக்குப் பை பொருத்தித் தருவது அவள் வேலை. பிடரி எலும்பிலிருந்து இடுப்பு எலும்பு வரை டேப் வைத்து அளப்பாள். பைக்குள் ரெண்டு ரெண்டு கிலோ மணல் பொட்டலங்களைப் போட்டு, கடைக்குள்ளேயே நாலு சுற்று நடக்க விடுவாள். ஆறு வருஷமாக இதேதான். ஆனால் இப்படி ஒரு மகராசனை இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

"சார், அக்கா பையில ஏற்கெனவே பன்னெண்டு கிலோ இருக்கு. உங்க பையில ஒரே ஒரு பொட்டலம்தான்."

"தாங்குவா."

"தாங்குவேன், நீ போடும்மா" என்றாள் மனைவி, சிரித்துக்கொண்டே.

சிரிப்பு வேறு! வீட்டுக்கு வீடு வாசப்படிதான். கடைப் பெண் வீட்டிலும் ஒருத்தர் இருக்கிறார், காய்கறிப் பையைக்கூடக் கை மாற்றி வாங்க மாட்டார்.

போட்டாள். இடுப்புப் பட்டையை இழுத்து இறுக்கினாள். "பாரம் இடுப்புல உக்காரணும்க்கா. தோள் சும்மா பிடிச்சுக்கிட்டாப் போதும். இப்ப நடங்க."

மனைவி மெல்ல நடந்தாள். சுவர் முழுக்க ஒட்டியிருந்த மலைப் படத்துக்குள்ளேயே ஏறிப் போகிற மாதிரி இருந்தது.

"மேல ஒரு ஏரி இருக்காம். விடியக்காலையில மேகம் இறங்கி வந்து தண்ணி மேலயே படுத்துக்குமாம். கையை நீட்டினா விரலெல்லாம் நனையுமாம்."

கடைப் பெண்ணும் ஒரு நிமிஷம் அங்கே போய் நின்றாள். மலை என்று அவள் தொட்டதெல்லாம் அந்தப் படத்தைத்தான், அதுவும் தூசி துடைக்கும்போது. அவள் பொருத்திய பைகள் எல்லாம் மேகத்துக்குள் போய் வருகின்றன. அவள் மட்டும் இங்கே மணல் பொட்டலங்களை அடுக்கிக்கொண்டிருக்கிறாள்.

மனைவி ஜன்னலுக்குப் போய்க் கீழே பார்த்துக் கையசைத்தாள். திரும்பி நின்று முதுகுப் பையையும் காட்டினாள்.

"கீழ யாருக்கா?"

"எங்க பொண்ணு. கார்ல இருக்கா. ஏரிப் பைத்தியமே அவளுக்குத்தான்."

"அவளுக்கும் ஒரு பை பாத்துடலாமா?"

"அவளுக்கு எதுக்கு?" என்றார் அவர்.

சரிதான், அப்பனுக்குத் தப்பாமல் பிறந்த பெண். ரெண்டு மாடி ஏறி வரக்கூட இளவரசிக்கு வலிக்கிறது!

அவர் அந்தச் சின்னப் பையை எடுத்து நெஞ்சில் மாட்டிக்கொண்டார்.

"சார், அது முதுகுல மாட்டுறது."

"எனக்கு முன்னாலதான் வேணும்."

"மலையில ஏது சார் பிக்பாக்கெட்?"

அவரும் சிரித்தார். "வாரை இன்னும் கொஞ்சம் இறுக்கி விடும்மா. உக்காந்து எழுந்தா ஆடக் கூடாது." முழங்காலில் கையூன்றி, மூன்று முறை உட்கார்ந்து எழுந்து பார்த்தார்.

அவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அதிகபட்சம் எவ்வளவு சார் தூக்குவீங்க?"

"முப்பத்தெட்டு கிலோ" என்றார் உடனே. "தினமும் தூக்கறதுதானே."

ரெண்டு கிலோவை நெஞ்சில் மாட்டிக்கொண்டு முப்பத்தெட்டாம்! வாய் மட்டும் இல்லையென்றால் நாய் தூக்கிக்கொண்டு போய்விடும்.

"அப்ப அக்காகிட்டேருந்து ஒரு பத்து கிலோவை வாங்கிக்கலாமே சார். முதுகு எல்லாருக்கும்தான் இருக்கு. சுமக்க மனசுதான் வேணும்."

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கண்ணாலேயே வேண்டாம் என்றார்.

"நீ சொல்றது சரிதாம்மா" என்று மட்டும் சொன்னார். மணல் பொட்டலங்களை எடுத்து வைத்து, பணத்தைக் கொடுத்துவிட்டு, ரெண்டு பேரும் காலிப் பைகளை மாட்டியபடியே இறங்கிப் போனார்கள்.

நன்றாகக் கேட்டுவிட்டோம் என்று அவளுக்கு ஒரே திருப்தி. அப்புறம்தான் பார்த்தாள், பைக்குப் போடும் மழை உறை மேஜை மேலேயே கிடந்தது. எடுத்துக்கொண்டு படியில் ஓடினாள்.

காரின் பின்கதவு திறந்திருந்தது. அவர் அதற்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்தார். நெஞ்சில் சின்னப் பை.

"வாடா, உன்னையும் ஒரு தடவை ஏத்திப் பாத்துடலாம்."

உள்ளேயிருந்து ரெண்டு கைகள் வந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டன. மனைவி குனிந்து, துவண்டு கிடந்த ரெண்டு கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி அவர் இடுப்பைச் சுற்றி வைத்தாள்.

கடைப் பெண் மழை உறையோடு அப்படியே நின்றுவிட்டாள். சொன்ன வார்த்தையைத் திரும்ப அள்ளிக்கொள்ள முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

அவர் முழங்காலில் கையூன்றி எழுந்தபோது, முதுகிலிருந்த மகள் அவர் காதோரம் மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா, உங்ககிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன். நான் இப்ப முப்பத்தெட்டு இல்லப்பா, நாப்பது கிலோ... ஏரி வரைக்கும் முடியுமா?"