செப்புக் காப்பு

ஜப்பான் லாரியிலிருந்து முதலில் குதித்தது அப்துல் சமதுதான். பார்த்ததுமே அழகம்மாவுக்கு வயிறு எரிந்தது.

மலாயாவில், குருண் கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் செய்து பிழைத்த மனிதர். ஜப்பான்காரன் வந்ததும் அவன் பாஷையில் நாலு வார்த்தை கற்றுக்கொண்டு, அவனுக்கு வாயாகிவிட்டார். ரப்பர்த் தோட்டத்தில் அவரைத் திட்டாத ஆள் இல்லை.

"எல்லாரும் பால் கொட்டகைக்கு வாங்க. இனாமா கச்சேரி. ஆம்பிளைங்க கட்டாயம் வரணும்னு ஆபீசர் சொல்றாருலா."

செமிலிங் பக்கத்துத் தோட்டத்திலும் இப்படித்தான் இனாமாகப் படம் காட்டினார்கள். படம் முடிந்ததும் ஆண்களை அப்படியே லாரியில் அள்ளிப்போட்டு, சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். ஒருத்தர்கூடத் திரும்பவில்லை.

"போகாதீங்க." புருஷன் ராமையாவின் கையைப் பிடித்துக்கொண்டாள் அழகம்மா.

"போவலேன்னா துப்பாக்கிக் கட்டையால அடிச்சு இழுத்துக்கிட்டுப் போவான் புள்ள."

சமது பக்கத்தில் வந்தபோது அவள் வாய் சும்மா இருக்கவில்லை. "சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கிறியா பாய்? எங்க தாலிய அறுத்துத்தான் ஒனக்கு அரிசியா?"

அவர் ரேடியோப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ரப்பர்ப் பால் சேர்த்து வைக்கும் அந்தக் கொட்டகைக்குள் போனார்.

மேசைமேல் பெட்டியை வைத்தார். இரண்டு மணிக்கட்டிலும் செப்புக் காப்பு, காலில் ஒரு செப்பு வளையம். அவற்றிலிருந்து வந்த கம்பியைப் பெட்டியில் சொருகிவிட்டுக் கையை உயர்த்தினார்.

பெட்டி பாடியது.

பாட ஆளில்லை, மீட்ட விரலில்லை. கை மேலே போனால் குரல் ஏறியது. கீழே வந்தால் இறங்கியது. விரலை அசைத்தால் நாயனம் மாதிரி குழைந்தது. காலைத் தூக்கி ஆடினார், அதுவும் கூடவே ஆடியது. அழகம்மாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. போயும் போயும் இந்தப் பாவிக்கா சாமி இப்படி ஒரு வித்தையைக் கொடுத்தது என்று அழுகையும் வந்தது.

அதிகாரி வாயைப் பிளந்தான். சமது அவன் பாஷையில் என்னவோ சொல்லி, கை கோத்துக்கொள்ளச் சைகை காட்டினார். உடனே சிப்பாய்கள் துப்பாக்கிகளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு வந்து, அவருடைய இடது கையோடு கை கோத்து வரிசையாக நின்றார்கள். அதிகாரியும் சேர்ந்துகொண்டான். அவர்கள் அசைந்தால் பாட்டும் அசைந்தது. ஊரையே நடுங்க வைத்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சின்னப் பிள்ளைகளாட்டம் ஆடினார்கள்.

சமது சிரித்த முகம் மாறாமல், தமிழில் ராகம் போட்டு இழுத்தார்.

"பின்வாசல்ல காவல் நின்னவனும் இங்கதான் இருக்கான், அண்ணன்மாரே. இவங்கள நான் நவுர விடமாட்டேன். சத்தமில்லாம ஆத்தத் தாண்டிக் காட்டுக்குள்ள போயிருங்க."

ராமையா போனான். அவன் பின்னாலேயே ஒவ்வொருவராக எல்லா ஆண்களும் போனார்கள். பெட்டி பாடிக்கொண்டே இருந்தது.

அழகம்மா மேசையோரம் நகர்ந்து போனாள்.

"எல்லாரும் போயிட்டாங்கண்ணே. நீங்களும் ஓடிருங்க."

சமது வலது கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்.

"நான் கைய எடுத்தா பாட்டு நின்னுரும் தங்கச்சி. அவங்க இன்னும் ஆத்தத் தாண்டியிருக்க மாட்டாங்க."