மூன்று சீட்டு ஒட்டிய கதவு

இருட்டிய பிறகு வராந்தாவில் சரக், சரக் என்று ஒரு சத்தம். மாகாண அலுவலகத்து அலமாரியில் நான்கு குட்டிகளோடு குடியிருந்த எலி காதை நிமிர்த்திக்கொண்டது. பூனை நகம் தீட்டுகிறது. வாசலோ திறந்து கிடக்கிறது.

அன்றைக்குத்தான் பழைய மாகாணத்தை மூன்றாகப் பிரித்து, சாமான்களுக்கெல்லாம் சீட்டு ஒட்டியிருந்தார்கள். இரட்டைக் கதவில் இடது கதவு மலைநாட்டுக்கு, வலது கதவு கடற்கரைக்கு, தாழ்ப்பாள் சமவெளிக்கு. பூனைக்கு மட்டும் யாரும் சீட்டு ஒட்டவில்லை.

"அண்ணே, கொஞ்சம் சாத்திக்குங்களேன். பிள்ளைங்க இருக்கு" என்று எலி கதவுகளிடம் கெஞ்சியது.

"முதல்ல கடற்கரைக்காரர் வரட்டும்" என்றது இடது கதவு.

"ஏன், மலைநாட்டுத் துரைக்குக் கால் வலிக்குதோ?" என்றது வலது கதவு.

"நூறு வருஷமா என்னைப் பிடிச்சுக்கிட்டுத்தானேடா ரெண்டு பேரும் புயல்ல நின்னீங்க?" என்றது துருவேறிய தாழ்ப்பாள். "சீட்டுல பசையே இன்னும் காயலை. அதுக்குள்ள முறைப்பா? வாங்க இங்க!"

இரண்டு கதவும் வெட்கத்தோடு நெருங்கின. இடுக்கில் பூனையின் மீசை தெரிந்தது. தாழ்ப்பாளின் திருகுகளில் பாதியை ஏற்கெனவே கழற்றியிருந்தார்கள். ஆனாலும் அந்தத் தாழ்ப்பாள் முக்கி முனகி நகர்ந்தது. எலி குட்டிகளை அணைத்துக்கொண்டு அதையே பார்த்தது. 'டக்'கென்று உள்ளே தாழ் விழுந்தது.